பதினோரு மணி ஹெரால்டு

இப்போது இருக்கிறவனுக்கெல்லாம் தான் வருவது நாலு தெருவுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். கல்யாணம் என்றால் ஒலிபெருக்கி ஊர் எல்லை வரைக்கும் கத்த வேண்டும். ஒன்றுமே இல்லாதவன் தொண்டையைக் காறியாவது கேட்க வைப்பான். முன்னே பெரிய மனுஷன் ஒருத்தன் வந்தால் மற்றவர்கள் சத்தம் அடங்கும். இப்போது பெரிய மனுஷனே சத்தம். காசு இருக்கிறவன் கார் வாங்குகிறான். கம்பெனிக்காரன் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்த சைலன்சரை அறுத்து எறிந்துவிட்டு, பின்பக்கத்தால் கத்துகிறான். பின்பக்கத்தால் சத்தம் போட மாட்டுக்கும் தெரியும். அதற்குப் பெட்ரோல் செலவு இல்லை.

நான் சொல்வது நாகேஷைப் பற்றி. ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற துளசிராமனுக்கு ஒரே பிள்ளை. பெங்களூரில் படித்தான் என்பார்கள். இன்னா படித்தான் என்று யாரும் சொன்னதில்லை. சோழவரத்துக்குப் போய் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்தான். வந்த கையோடு, அப்பன் வாங்கிக் கொடுத்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டியை பெங்களூருக்கு ஓட்டிப் போய் சைலன்சரைக் கழற்றிவிட்டு, நீளமாக ஒரு மொட்டைக் குழாயைப் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் குழாய்க்குள் பூனை நுழைந்து வெளியே வரலாம். நடுவே அதைத் தடுக்க ஒன்றும் கிடையாது.

அதைப் பஜாரில் ஓட்டித் தொலைத்தால் எனக்கு இன்னா போச்சு? பஜாரில் சத்தத்தோடு சத்தமாகப் போய்விடுகிறது, அதனால் அவனுக்குத் திருப்தி இல்லை. சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே தங்கம் எடுத்தபின் கொட்டின சயனைடு மண் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. அதற்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே ரோடு. அந்த ரோட்டில் நின்று கத்தினால் மேடு திருப்பிக் கத்தும். ஒரு கார் ரெண்டு காராகக் கேட்கும். அதற்காகத்தான் அவன் வந்தான். எங்கள் பக்கத்தில் அவனுக்கு உறவும் இல்லை, வேலையும் இல்லை. தினம் பதினோரு மணி வாக்கில் வருவான். சரிவில் ஏறும்போது கத்த விடுவான், மேட்டு முனையில் திருப்பிக்கொண்டு இறங்கும்போது மறுபடியும் கத்த விடுவான், போய்விடுவான்.

பகல் பதினோரு மணிதானே என்று கேட்பார்கள். கேட்கிறவன் எங்கள் லைனில் குடியிருந்தவன் இல்லை.

மைன்ஸில் மூன்று ஷிப்ட். ராத்திரி ஷிப்ட் போனவன் காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து, குளித்து, கஞ்சி குடித்துப் படுப்பான். அவனுக்கு அப்போதுதான் ராத்திரி. மேலே தகரக் கூரை, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். ஆகவே ராத்திரி ஷிப்ட் ஆள் படுத்திருக்கிற வீட்டு வாசலில் ஒரு கோணிப்பையைத் தொங்க விடுவார்கள். யார் கண்டுபிடித்ததோ தெரியாது, என் அப்பன் காலத்திலேயே உண்டு. கோணி தொங்கினால் அந்தப் பக்கம் எவனும் வாயைத் திறக்க மாட்டான். மீன்காரி மங்கம்மா தலைக்கூடையை இறக்கி, மீனைக் காட்டி, விரலால் விலை சொல்லுவாள். பொம்பளைகள் தண்ணீர்க் குழாயடியில் பகலில் சண்டை போட்டால் சைகையிலேயேதான் போடுவார்கள். கையை இடுப்பில் வைப்பது, துப்புவது, முந்தானையை உதறுவது, எதிராளியின் புருஷன் குடித்துவிட்டு நடப்பதை நடந்து காட்டுவது. பாட்டனார் வரைக்கும் இழுத்துத் திட்டி முடிப்பார்கள், ஒரு சொல் வெளியே வராது. சாயங்காலம் ஆள் எழுந்ததும் அதே சண்டையை வாயால் ஒருமுறை போடுவதும் உண்டு.

இதற்கு எந்தப் போலீஸும் ரூல் போடவில்லை.

அந்த வருஷம் என் மகன் தாமோதரன் தொடர்ந்து ராத்திரி ஷிப்ட்டில் இருந்தான். கீழே பாறை இறங்காமல் மரத்தூண் நிறுத்துகிற டிம்பர் வேலை, நான் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்த அதே வேலை. முழு விழிப்போடு செய்ய வேண்டிய வேலை அது. அவன் படுத்து மூன்று மணி நேரம் ஆகி, தூக்கம் நன்றாகப் பிடிக்கிற சமயத்தில்தான் ஹெரால்டு வரும். பூமிக்கு அடியில் வேலை செய்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால், பாறை வெடித்துவிட்டது என்று உடம்பு முடிவு பண்ணிவிடும். மூளைக்குத் தெரிவதற்குள் கால் எழுந்து நிற்கும். தாமோதரன் பாயை விட்டுத் துள்ளி எழுந்து, இருட்டில் தடவுகிற மாதிரி சுவரைத் தடவுவான். பிறகு எங்கே தூக்கம்? கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பான்.

ஒரு காலை அவன் தோளில் சட்டை கிழிந்து, தோல் வழன்று வந்தான். கேட்டால் ஒன்றும் இல்லை என்றான். கூட வேலை செய்கிறவன் வந்து சொன்னான். தூணுக்கு ஆப்பு அடிக்கிறபோது தாமோதரனுக்குக் கண் சொருகிவிட்டதாம். தூண் சாய்ந்ததைப் பார்க்கவில்லை. சொன்னவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தூண் தோளை உரசிக்கொண்டு போய் விழுந்ததாம்.

மருமகள் குணசுந்தரி என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

"மாமா, இன்னிக்கு தோளு. நாளைக்குத் தலை. நீங்க போய் பேசறீங்களா, நான் போய் அந்தக் காருக்கு முன்னால படுத்துக்கட்டுமா?"

போனேன்.

துளசிராமன் கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்து, புடவையை உதறி உதறிக் கத்திக்கொண்டிருந்தார். ஜவுளி வியாபாரமே கத்தல்தான். "எடுத்துப் போடுடா அந்த மாம்பழக் கலரு!" என்று உள்ளே ஒரு கத்தல், "இந்த விலைக்கு மெட்ராஸ்ல கிடைக்காது தாயி!" என்று வெளியே ஒரு கத்தல். என்னைப் பார்த்ததும், "வாங்க மேஸ்திரி, சோடா சாப்பிடறீங்களா?" என்றார்.

"சோடா வேணாம். உங்க பிள்ளை காரை எங்க லைன் பக்கம் ஓட்ட வேணாம்னு சொல்லுங்க. பகல்ல பசங்க தூங்கறாங்க."

"சின்னப் பையன் மேஸ்திரி. நாலு நாள் ஆடுவான், அப்புறம் அடங்கிடுவான்."

சின்னப் பையன் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். "இன்னா பெரியவரே, மைன்ஸ்ல தினம் டைனமைட் வெடிக்குது. அதப் போய் நிறுத்தச் சொல்லுங்களேன்."

"அந்த வெடியில சோறு வருது. உன் வண்டிக்குப் பின்னால இன்னா வருது? புகை."

"உங்களுக்குப் புரியாது பெரியவரே. இது சத்தம் இல்ல. இன்ஜின் மூச்சு விடுது. சைலன்சர் போட்டா அதுக்கு மூச்சு முட்டும்."

"உனக்கு முட்டினா தேவலாம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பதினோரு மணிக்கு அவன் ஹாரனையும் சேர்த்து அடித்தான்.

போலீஸிடம் போவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தொப்பி போட்டவன் எல்லாம் தொப்பிக்குத்தான் வேலை செய்கிறான். ஆனாலும் குணசுந்தரி முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. புதுசு, மைசூர்ப் பக்கத்துக்காரர். எதிரே நின்று கதையைச் சொன்னேன்.

"பகல்ல சத்தம் இருக்கும் யஜமான்ரே," என்றார் அவர். "பகல்னாலே சத்தம்தானே. ராத்திரி தூக்கம் கெட்டா சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கலாம்."

"எங்க பசங்களுக்குப் பகல்தான் ராத்திரி."

அவர் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்து, "ஏன் ஹேள்தானே இவனு?" என்றார். இவன் இன்னா உளறுகிறான் என்று அர்த்தம். எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைப்பு. எங்கள் ஊரில் நாய்க்கே மூன்று பாஷை தெரியும்.

"நனகூ கன்னட பருத்தே சுவாமி," என்றேன். எனக்கும் வரும் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். புகார் வந்தால் காவல் போட வேண்டியது சட்டம் என்றார். போட்டார். எப்போது? ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும். தூக்கம் என்றால் ராத்திரிதான் என்று சட்டத்தில் இருக்கிறதாம். ராமலிங்கம் என்கிற கான்ஸ்டபிள், பெங்களூர் பட்டாளத் தண்டுப் பக்கத்து ஆள், ராத்திரி ராத்திரியாக எங்கள் லைன் முனையில் உட்கார்ந்து காவல் காத்தான். யாரைக் காத்தான் என்று தெரியாது. தூங்க வேண்டியவர்கள் பூமிக்கு அடியில் இருந்தார்கள். சத்தம் போடுகிறவன் ராபர்ட்சன்பேட்டையில் போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் கழித்து, சத்தம் எதுவும் இல்லை, புகாரில் உண்மை இல்லை என்று எழுதிக் கொடுத்தானாம். சம்பளம் வாங்கிக்கொண்டு இதை எழுதினான்.

சட்டம் எப்படிக் கண் விழித்தது என்று சொல்கிறேன். எஸ்.ஐ. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு குவார்ட்டர்ஸில் கொஞ்சம் கண் மூடுகிறவர். ஒரு நாள் நாகேஷ் சினிமா மேட்னிக்குப் போகிறவன் அந்தத் தெரு வழியாகப் போனான். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே, சைலன்சர் இல்லாத வண்டி எந்த நேரத்தில் ஓடினாலும் குற்றம், பகலென்ன ராத்திரியென்ன என்று ரூல் பிறந்துவிட்டது. முன்னேயே இருந்த ரூல்தானாம். அவர் தூக்கம் கெட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் பத்தரை மணிக்கே ராமலிங்கம் எங்கள் லைனுக்கு வந்து நின்றான், வாயில் விசிலோடு. வந்ததும் முதல் வேலையாக கம்பெனி தண்ணீர் லாரியை விசில் அடித்து நிறுத்தினான். அதன் சத்தத்தைச் சோதிக்கிறானாம். லாரி சத்தத்துக்கு எழாத ரெண்டு பேர் விசில் சத்தத்துக்கு எழுந்து வெளியே வந்தார்கள்.

வாசலில் இருந்த பொம்பளைகள் அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள், வழக்கம் போலக் கையால். மங்கம்மா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, விசிலைக் காட்டினாள், அவன் வாயைக் காட்டினாள், பிறகு விசிலை வேறு எங்கே வைத்துக்கொள்ளலாம் என்றும் காட்டினாள்.

"இன்னாம்மா?" என்று கத்தினான் அவன். "இன்னாத்துக்கு ஆளாளுக்குக் கைய ஆட்டறீங்க? எல்லாரும் ஊமையா? வாயத் தொறந்து பேசுங்க!"

நான் பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன், "மெதுவா பேசுப்பா. ஆள் தூங்கறாங்க."

"அதுக்குத்தான்யா நான் வந்துகீறேன்! சத்தம் போட்டா உள்ள தள்ளத்தான் வந்துகீறேன்!" என்று இன்னும் பலமாகக் கத்தினான்.

பதினோரு மணிக்கு ஹெரால்டு வந்தது. நீளமாக ஒரு விசில். நாகேஷ் பிரேக் போட்டு வண்டியை நடு லைனில், எங்கள் வாசலுக்கு நேரே நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. கேஸ் எழுதுகிறவன் சத்தத்தைத் தானே கேட்டதாக எழுத வேண்டுமாம்.

"ரேஸ் குடு, பார்க்கலாம்," என்றான் ராமலிங்கம்.

அவன் கொடுத்தான். மேடு திருப்பிக் கொடுத்தது.

"சாட்சி வேணும். பெரியவரே, நீங்க கேட்டீங்களா?"

"செத்தவனுக்கே கேட்டுருக்கும்."

"அப்படிச் சொல்லக் கூடாது. அதிகமா, சாதாரணமா?"

"அதிகம்."

"இன்னொரு சாட்சி வேணும். இன்னொரு வாட்டி ரேஸ் குடு."

நாகேஷுக்கு ஏக சந்தோஷம். அதுவரைக்கும் ஓடுகிற ஓட்டத்தில் கத்திவிட்டுப் போனவனை, போலீஸே நிறுத்தி வைத்து, இன்னும் இன்னும் என்று கேட்கிறது. கொடுக்க மாட்டானா? தாமோதரன் வெளியே வந்தான். லுங்கியும் பனியனும், கண் ரெண்டும் கோவைப்பழம். வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். கேஸ் எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பேர் கேட்டு, ராமலிங்கத்துக்கு நாகேஷ் தீப்பெட்டி கொடுத்து, அவன் சிகரெட் பற்ற வைக்கிற வரைக்கும் அந்த இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அபராதத்தை துளசிராமன் கட்டினார். நாகேஷ் போலீஸ் கொடுத்த சீட்டைக் கார் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொண்டு மறுநாளும் வந்தான். மறுநாளும் விசில், ரேஸ், சாட்சி, சீட்டு. அதற்கு அடுத்த நாளும். கண்ணாடியில் சீட்டு சேரச் சேர அவனுக்கு மார்பு அகலமாயிற்று, சிப்பாய் மெடல் குத்தின மாதிரி. எஸ்.ஐ.க்கும் சந்தோஷம், கேஸ் கணக்கு ஏறுகிறது. முன்னே சத்தம் வந்து போகிற நேரம்தான் தூக்கம் கெடும். போலீஸ் வந்த பிறகு பகல் முழுக்கக் கெட்டது. நான் ராமலிங்கத்திடம், "நீ வராம இருந்தா இன்னா வாங்குவே, சொல்லு, நாங்க லைன்ல வசூல் பண்ணித் தர்றோம்," என்றேன். லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறேன் என்று என் மேலேயே கேஸ் போடப் பார்த்தான்.

தாமோதரன் நாலு நாளாகச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. அன்று ரேஸ் கொடுத்து முடிந்ததும் சட்டையை மாட்டினான். "நேரா அவங்க அப்பன்கிட்டயே கேக்கறேன்," என்று கிளம்பினான். குணசுந்தரி என்னைப் பார்த்தாள். அடிதடியாகிவிடும் என்று பயம். செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். என் கால் அவன் கால் இல்லை. நான் பஜாருக்குப் போய்ச் சேர ரொம்ப நேரமாகிவிட்டது.

கடை வாசலில் நாலு பேர் கூட்டமாவது இருக்கும், சத்தமாவது கேட்கும் என்று நினைத்துப் போனால் ஒன்றும் இல்லை. கடை திறந்திருக்கிறது. உள்ளே பொம்பளைகள் நிறைய இருக்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். துளசிராமன் மெத்தையில், பேல் கட்டின துணி மூட்டையில் தலையை வைத்து என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து, கட்டை மாதிரி.

நடந்தது இவ்வளவுதான். இவன் கோபமாக உள்ளே போயிருக்கிறான். துளசிராமன் தந்திரக்காரர், "உட்காருங்க தம்பி, இந்த வியாபாரம் முடிச்சிட்டுப் பேசறேன்," என்றிருக்கிறார். கோபக்காரனை உட்கார வைத்தால் பாதிக் கோபம் போய்விடும் என்பது வியாபாரிக்குத் தெரியும். இவன் உட்கார்ந்தான். மெத்தை. பின்னால் பஞ்சு மாதிரி பேல். நாலு பக்கமும் துணி அடுக்கு, தெருச் சத்தம் உள்ளே வராது. உட்கார்ந்தவன் சாய்ந்தான். சாய்ந்தவன் போய்விட்டான்.

அன்று கடையில் கல்யாணக் கூட்டம். பக்கத்து மைசூர் மைன்ஸ் லைன் தாயம்மா, மகள் கல்யாணத்துக்கு உறவுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மைன்ஸ் பொம்பளைக்குப் பகலில் தூங்குகிற ஆளைப் பார்த்தால் வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். கண்ணைச் சுற்றிக் கழுவியும் போகாத கறுப்பு, விரல் நகம், அதைப் பார்த்தாலே ராத்திரி ஷிப்ட் என்று தெரிந்துவிடும். தாயம்மா உதட்டில் விரலை வைத்தாள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் வாயை மூடிவிட்டது.

துளசிராமன் பழக்க தோஷத்தில், "எடுத்துப் போடுடா அந்த..." என்று ஆரம்பித்தார்.

"ஷ்ஷ்!" என்றார்கள் பத்துப் பேர்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வாயில்லாமல் வியாபாரம் செய்தார். கடைப்பையனுக்கு மாம்பழக் கலர் வேண்டுமென்று சொல்ல, மாம்பழத்தை உறிஞ்சிக் காட்டினார். அவன் பச்சையை எடுத்து வந்தான். தாயம்மா விரலால் விலை சொன்னாள். அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவள் இன்னொரு விரலைக்கூட நிமிர்த்தவில்லை. நஷ்டம் என்று சத்தம் போட்டு அழ முடியாத வியாபாரி பாதி வியாபாரி. அவள் கேட்ட விலைக்கே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹெரால்டு தெரு முனையில் திரும்பிற்று. மேட்டில் கத்திவிட்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அப்பன் கடையில் சோடா குடிக்க வருகிறான். சத்தம் கிட்ட வந்தது. தாமோதரன் கால் மெத்தையில் ஒரு உதறு உதறிற்று. தாயம்மா கட்டச் சொன்ன புடவைகளை மெல்லக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு எழுந்தாள். அவள் எழுந்ததும் பின்னால் இருந்த பொம்பளைகள் எல்லாம் எழுந்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை. வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

துளசிராமன் அந்த உடம்போடு மெத்தையைத் தாண்டிக் குதித்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். காருக்கு முன்னால் நின்று உதட்டில் விரலை வைத்தார். நாகேஷுக்குப் புரியவில்லை.

"இன்னாப்பா?" என்று கேட்டு, இன்னொரு ரேஸ் கொடுத்தான்.

அப்பன் ஜன்னலுக்குள் கையை விட்டார். சாவியைத் திருகிப் பிடுங்கிக்கொண்டார். பிறகு மகன் கன்னத்தில் ஒன்று வைத்தார். அன்று அந்தத் தெருவில் கேட்ட பெரிய சத்தம் அதுதான். பிறகு திரும்பி வந்து, தாயம்மாவைக் கும்பிட்டு, உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். தாமோதரன் குறட்டை கேட்டது. உள்ளே போனாள்.

அவன் சாயங்காலம் வரைக்கும் தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சோடா கொடுத்தார்கள். குடித்தேன், வேண்டாம் என்று சொல்ல வாய் திறக்க வேண்டும்.

விஷயம் லைனுக்குத் தெரிந்ததும் மறுநாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து நாலு பேர் நேராக ஜவுளிக்கடைக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். எழுந்ததும் வேட்டி எடுக்கப்போகிறோம், அதுவரைக்கும் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறோம் என்று சொன்னார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தன் வீட்டைவிட்டு ஊரான் மெத்தையில் தூங்குவது இன்னா பிழைப்பு? ஆனால் வேலை செய்தது. துளசிராமன் எஸ்.ஐ.யிடம் ஓடினார். கடையில் படுத்துத் தூங்குவதற்கு எந்த செக்‌ஷன் என்று எஸ்.ஐ. ரொம்ப நேரம் தேடினாராம். கிடைக்கவில்லை. அன்றே ஹெரால்டு மெக்கானிக்கிடம் போயிற்று. சைலன்சர் ஏறிற்று.

மூன்றாம் நாள் ராமலிங்கம் என்னைத் தேடி வந்தான். எஸ்.ஐ. கூப்பிடுகிறாராம். ஸ்டேஷனுக்கு இல்லை, ஜவுளிக்கடை வாசலுக்கு. போனால் அங்கே பஜாரே நின்றுகொண்டிருக்கிறது. எஸ்.ஐ. பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில், துளசிராமன் சிரித்துக்கொண்டு பக்கத்தில், நாகேஷ் காருக்குள். கண்ணாடியில் சீட்டு எதுவும் இல்லை.

"ஸ்டார்ட் மாடப்பா," என்றார் எஸ்.ஐ.

ஹெரால்டு தையல் மிஷின் மாதிரி ஓடிற்று.

"நோட்ரி, பாருங்க யஜமான்ரே! கேஸ் மேல கேஸ் போட்டேன். அடங்கிச்சா இல்லையா? சட்டம் மெதுவா வரும், ஆனா வந்துடும். உங்க புகார்தான் முதல் புகார். அதனால நாலு பேர் முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, போலீஸ் நடவடிக்கை திருப்தின்னு."

"ஆமா மேஸ்திரி, சார் கண்டிச்சதாலதான் பையன் திருந்தினான்," என்றார் துளசிராமன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் என்னையே பார்த்தது. நான் காரைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். குனிந்து பார்த்தேன். சைலன்சர் புதுசாகப் பளபளவென்று இருந்தது. பிறகு நாகேஷ் ஜன்னலுக்கு வந்தேன்.

"கழட்டின அந்த மொட்டைக் குழாய் எங்கடா?"

அவன் அப்பனைப் பார்த்தான். "மாடியில கீது."

"இன்னாத்துக்கு?"

"சும்மாத்தான் பெரியவரே. காசு குடுத்து வாங்கினது."

"இரும்பாச்சே மேஸ்திரி," என்றார் துளசிராமன் அவசரமாக. "எடைக்குப் போட்டுடலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

"பழைய இரும்புக் கடை உங்க எதிர்லயேதானே கீது?"

நாகேஷ் ஸ்டியரிங்கைத் துடைத்தான், துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எஸ்.ஐ.க்கு நாங்கள் இன்னா பேசுகிறோம் என்றே புரியவில்லை, அவர் கூட்டத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தாமோதரன் அந்த நேரம் வீட்டில் தன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். தோள் காயம் காய்ந்து வருகிறது. மூன்று நாளாக நல்ல தூக்கம், அது நிஜம். ஆனால் நான் எத்தனையோ தூண் பார்த்தவன். இன்று நிற்கிறது என்பதற்காக அதன் கீழே போய் யாரும் உட்கார மாட்டான். இந்தப் பையனுக்கு அப்பன் அடி மறக்க எத்தனை நாள் ஆகும்? இன்னொரு கல்யாணக் கூட்டம் சத்தமாக வந்து சத்தமாகப் புடவை எடுத்துக்கொண்டு போனால் துளசிராமனுக்கும் மறந்துவிடும். போலீஸுக்கு மறப்பதற்கே ஒன்றும் இல்லை.

திரும்பி நடந்தேன்.

"ஏன்றி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!" என்று எஸ்.ஐ. கூப்பிட்டார். "திருப்தியா இல்லையா?"

"சோடாவாவது சாப்பிட்டுப் போங்க மேஸ்திரி!" என்றார் துளசிராமன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. பதினோரு மணிக்குள் லைனுக்குப் போய், ரோட்டைப் பார்த்து வாசலில் உட்கார வேண்டும் என்று காலை எட்டிப் போட்டேன்.